விண்டோஸ் 7 டெஸ்க்டாப்பிலிருந்து புது லேப்டாப்புக்கு: தமிழ் ஃபைல்கள், இலைக் கணக்கு, டேலி எல்லாம் எப்படி மாற்றுவது?

கோத்தகிரி_டைப்பிங்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பஜார் பக்கம் சின்னதாக ஒரு டைப்பிங், டிடிபி கடை நடத்துகிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், இதுதான் வேலை. கூடவே எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் சிலருக்குப் பச்சை இலைக் கணக்கும் போட்டுத் தருகிறேன், யார் எத்தனை கிலோ போட்டார்கள், முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று.

இது அத்தனையும் இத்தனை வருடமாக ஒரே டெஸ்க்டாப்பில் ஓடுகிறது. விண்டோஸ் 7, 32 பிட். இப்போது அடிக்கடி தானாக நின்றுபோகிறது, அதனால் விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்று வாங்கிவிட்டேன். மாற்ற வேண்டியவை: பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் ஃபான்ட்களில் அடித்த வேர்டு ஃபைல்கள், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7-ல் செய்த வேலைகள், இலைக் கணக்குக்கு விண்டோஸுக்கு முந்தைய டாஸ் முறையில் ஓடும் ஃபாக்ஸ்புரோ புரோகிராம் (எழுதிக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை), டேலி கணக்கு சாஃப்ட்வேர், அவுட்லுக் மெயில், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். மொத்தம் 180 ஜிபி வரும்.

ஒரு கடையில் கேட்டதற்கு "ஹார்ட் டிஸ்கை அப்படியே காப்பி பண்ணிக் கொடுத்துவிடுவோம், எல்லா சாஃப்ட்வேரும் ஓடும்" என்கிறார்கள். நம்பலாமா? இலைக் கணக்கு போய்விட்டால் பத்து இருபது குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதுதான் பயம்.

குன்னூர்_சர்வீஸ்

அண்ணா, முதலில் அந்த வாக்கியத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். "காப்பி பண்ணிக் கொடுப்போம்" என்பது உண்மை. "எல்லா சாஃப்ட்வேரும் ஓடும்" என்பது நடக்காது.

நீங்கள் அடித்த ஃபைல் எங்கே போனாலும் ஃபைல்தான். புரோகிராம் அப்படி இல்லை. இன்ஸ்டால் செய்யும்போது அது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் மட்டும் உட்காருவதில்லை, கொஞ்சம் ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் எழுதும், கொஞ்சம் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் வைக்கும், விண்டோஸ் ஃபோல்டருக்குள் டிஎல்எல் என்ற துணை ஃபைல்கள் சிலவற்றைப் போடும், லைசென்ஸ் இருந்தால் அந்த மெஷினோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஃபோல்டரை மட்டும் தூக்கி வந்தால் மீதி எல்லாம் பழைய இடத்திலேயே நிற்கும். அதனால் ஃபைலைக் காப்பி செய்யுங்கள், புரோகிராமைப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்ய முடியாத பழசுக்குத் தனி வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

காப்பிக்கு கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் என்று யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம். நம் மலையில் அப்லோடு 5 எம்பிபிஎஸ் ஒழுங்காகக் கிடைத்தால்கூட 180 ஜிபி ஏறி முடிய 80 மணி நேரம் ஆகும், நடுவில் லைன் போகாமல் இருந்தால். பழைய டெஸ்க்டாப்பில் இருப்பது யூஎஸ்பி 2.0 ஆகத்தான் இருக்கும், எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி போட்டால் நொடிக்கு 30 எம்பி போல வரும். ஒன்றரை, இரண்டு மணி நேரம், சின்னச் சின்ன ஃபைல் அதிகமாக இருந்தால் இன்னும் கூட. அதற்குப் பதில் பழைய டிஸ்கையே கழற்றி சாட்டா-யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி நேராக லேப்டாப்பின் யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகினால் பாதி நேரத்துக்கும் குறைவாக முடியும். 3.5 இஞ்ச் டிஸ்க் என்பதால் தனி பவர் அடாப்டரோடு வரும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள், யூஎஸ்பியிலிருந்து வரும் கரண்ட் அதற்குப் போதாது.

அப்படி மாட்டும்போது யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வரும். பயப்பட வேண்டாம், கன்டினியூ கொடுத்தால் திறந்துவிடும். டி டிரைவை மட்டும் எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் சி டிரைவில் யூசர்ஸுக்குள் இருக்கும். அவுட்லுக் மெயிலைச் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைல் பெரும்பாலும் ஆப்டேட்டாவுக்குள் மறைந்திருக்கும், மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி வைத்துவிட்டுத் தேடுங்கள்.

மலை_மாணவன்

அண்ணா எதற்கு இவ்வளவு சிரமம்? பழைய டிஸ்கை குளோன் (அச்சு அசல் நகல்) செய்து புது லேப்டாப்பின் எஸ்எஸ்டியில் போட்டால் விண்டோஸ் 7 அப்படியே வந்துவிடுமே. நான் காலேஜ் லேபில் அப்படித்தான் செய்தேன், எல்லாம் ஓடியது.

குன்னூர்_சர்வீஸ்

தம்பி, லேபில் ஒரே மாதிரி மெஷின்கள் இருந்திருக்கும். அங்கே அது சரியான வழிதான். இங்கே 32 பிட் விண்டோஸ் 7. இப்போது வரும் லேப்டாப் யூஈஎஃப்ஐ என்ற புது முறையில் மட்டும்தான் பூட் ஆகிறது, 32 பிட் விண்டோஸ் 7 அதில் பூட் ஆகாது. புது லேப்டாப்பில் வரும் என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டிக்கும் யூஎஸ்பி 3-க்கும் அதனிடம் சொந்த டிரைவர் கிடையாது. எல்லாம் தாண்டி ஓடவைத்தாலும் விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஓடு பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது, விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்தது. பணம் கொடுத்து வாங்கிய புது மெஷினில் பழையதை ஏற்றி இன்டர்நெட்டில் இறங்குவது நல்லதில்லை, அதிலும் மற்றவர்களின் ஆதார் நகல், பத்திர நகல் எல்லாம் கிடக்கும் டைப்பிங் கடையில்.

நாயுடுபுரம்_அச்சகம்

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன், எங்களுடையது சின்ன அச்சகம். தம்பி, நீங்கள் கேட்டதில் புரோகிராமை விட எனக்குப் பெரிய கவலை அந்தத் தமிழ் வேர்டு ஃபைல்கள்தான், அதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

பாமினி, வானவில் எல்லாம் யூனிகோடு (எல்லாக் கருவியும் தமிழைத் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீடு) இல்லை. அந்த ஃபைலுக்குள் இருப்பது தமிழ் எழுத்தே இல்லை, ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அதன் மேல் அந்த ஃபான்ட்டைப் போர்த்தியதால் தமிழாகத் தெரிகிறது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், ஆங்கிலத்தின் அரைப்புள்ளிச் சாவியில் இருக்கும். புது லேப்டாப்பில் ஃபான்ட் இல்லாமல் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும், ஃபைல் கெட்டுப்போனது என்று நினைத்து அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெடவில்லை, ஃபான்ட் மட்டும்தான் இல்லை.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் பழைய மெஷினில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். தமிழ் ஃபான்ட் மட்டும் தேர்ந்து எடுக்கப் பார்க்காதீர்கள், பெயரைப் பார்த்து எது தமிழ் என்று சொல்ல முடியாது, பல ஃபான்ட்டுக்குப் பெயரில் தமிழ் என்ற சொல்லே இருக்காது. மொத்தமாக எடுங்கள். இந்த ஒன்றைச் செய்துவிட்டால் மற்றதில் எது தவறினாலும் மீட்கலாம். புது மெஷினில் அந்த டிடிஎஃப் என்ற ஃபான்ட் ஃபைல் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் போதும், விண்டோஸ் 11-லும் பழைய டிடிஎஃப் ஓடும்.

அது தற்காலிகம். பிறகு மெதுவாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் இலவசம். பாமினி, டாம், டாப், டிஸ்கி போன்ற பழைய குறியீடுகளை எல்லாம் யூனிகோடாக்கும். மாற்றிவிட்டால் ஃபோனில் திறக்கும், வாட்ஸப்பில் ஒட்டலாம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேடலாம். ஒருவர் வந்து "நாலு வருடத்துக்கு முன் எங்கப்பா பெயரில் ஒரு மனு அடித்தீர்களே" என்று கேட்டால் பெயரைத் தட்டினால் ஃபைல் வர வேண்டும். பாமினியில் இருக்கும் வரை அது வராது.

கோத்தகிரி_டைப்பிங்

அக்கா, ஃபான்ட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, இன்று ராத்திரியே எடுத்துவிடுகிறேன். ஒரு சந்தேகம். என்னுடைய ஃபைல்களில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருக்கும். சர்வே நம்பர், கம்பெனி பெயர், மெயில் முகவரி எல்லாம் ஆங்கிலத்தில். மொத்தமாகக் கன்வெர்ட் செய்தால் அது என்ன ஆகும்?

நாயுடுபுரம்_அச்சகம்

நல்ல கேள்வி தம்பி, பலர் கைசுடுவது இங்கேதான். வெறும் எழுத்தாக ஒட்டினால் கன்வெர்ட்டருக்கு எது ஆங்கிலம் எது பாமினி என்று தெரியாது, இரண்டுமே அதற்கு ஒன்றுதான். "கம்பெனி" என்று ஆங்கிலத்தில் இருந்ததும் தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடும். வேர்டில் தேடும் பெட்டியில் ஃபான்ட் பெயரை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. பாமினியில் இருப்பதை மட்டும் தேர்வு செய்து அதை மட்டும் மாற்றுங்கள், மற்றதைத் தொட வேண்டாம். எண்களையும் தேதிகளையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். ஒப்பந்தம், பத்திரம் மாதிரி விஷயங்களில் ஒரு எழுத்து மாறினாலும் வம்பு.

அசல் ஃபைலை ஒருபோதும் அழிக்காதீர்கள். மாற்றியதை வேறு ஃபோல்டரில் சேமியுங்கள்.

இனி அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். பாமினி விசைப்பலகைதான் கைக்குப் பழக்கம் என்றால் என்ஹெச்எம் ரைட்டரில் அதே பாமினி அமைப்பில் அடித்து யூனிகோடாக வாங்கலாம், விரல் எதையும் புதிதாகப் பழக வேண்டியதில்லை. அரசு அலுவலகங்களுக்கே தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, நாம் மட்டும் ஏன் பழையதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?

பேஜ்மேக்கர்தான் சிக்கல். அதற்கு யூனிகோடே தெரியாது, அடோபி அதைக் கைவிட்டு வெகுகாலமாகிறது. அடோபியின் அடுத்த பக்க வடிவமைப்பு புரோகிராமான இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தது, அதற்குப் பிறகு வந்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை. லிப்ரே ஆபீஸ் டிரா ஓரளவுக்குத் திறக்கும், ஆனால் வரிகள் நகர்ந்துவிடும். என் யோசனை, பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே முக்கியமான வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஃபான்ட்டை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் செய்ய வேண்டாம், யாரும் இரண்டாம் முறை கேட்கப்போவதில்லை. வருடா வருடம் வரும் திருவிழா நோட்டீஸ், பில் புக், லெட்டர்பேட், இவை போதும். புது வேலைக்கு ஸ்கிரைபஸ் 1.6 பாருங்கள், தமிழ் யூனிகோடு சரியாகக் கோக்கிறது, காசும் இல்லை.

ஊட்டி_கணக்கு

டேலிக்கு மட்டும் ஒரு வார்த்தை. பழைய மெஷினில் லைசென்ஸை சரண்டர் செய்த (திருப்பிக் கொடுத்த) பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும், இரண்டுக்கும் இன்டர்நெட் தேவை. பழைய மெஷின் அடிக்கடி நிற்கிறது என்கிறீர்கள், அது முழுதாகப் படுப்பதற்குள் இதை முடியுங்கள். ஆனால் அதற்கும் முன் டேலியின் உள்ளேயே பேக்கப் எடுங்கள், டேட்டா ஃபோல்டரையும் தனியாகக் காப்பி செய்யுங்கள். ஐந்து இலக்க எண்ணில் பெயர் உள்ள ஃபோல்டர் ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. டேலியின் பழைய ஈஆர்பி 9 பதிப்பிலிருந்து புது பிரைம் பதிப்புக்குப் போனால் டேட்டாவை மைக்ரேட் செய்யச் சொல்லும், காப்பியின் மேல் செய்யுங்கள், அசல் மேல் அல்ல. முடிந்ததும் டிரயல் பேலன்ஸை இரண்டிலும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் மேலே போகாதீர்கள்.

யாருக்காவது ஜிஎஸ்டி ஃபைலிங் செய்து கொடுக்கிறீர்கள் என்றால், டிஜிட்டல் கையொப்ப டோக்கனில் காப்பி செய்ய எதுவும் இல்லை, சாவி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. புது லேப்டாப்பில் டோக்கனின் டிரைவரும், கையொப்பமிட உதவும் எம்சைனர் புரோகிராமும் போட்டால் போதும்.

பாஸ்வேர்டுக்கு: குரோமின் ஃபோல்டரைக் காப்பி செய்து கொண்டுவந்தால் பாஸ்வேர்டு வராது, அது பழைய விண்டோஸ் யூசரின் சாவியால் பூட்டப்பட்டது. குரோமிலேயே எக்ஸ்போர்ட் கொடுத்து, புதியதில் இம்போர்ட் செய்துவிட்டு அந்த ஃபைலை உடனே அழியுங்கள், அதில் எல்லாம் வெளிப்படையாக எழுதியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் புரொஃபைல் ஃபோல்டரைக் காப்பி செய்தாலே பாஸ்வேர்டும் சேர்ந்து வரும்.

கூடலூர்_மழை

காப்பி போடும்போது கட் பேஸ்ட் செய்யவே செய்யாதீர்கள், காப்பி பேஸ்ட் மட்டும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் மரம் சாய்ந்து லைன் போவது தினசரி விஷயம், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகையில் அதே கதைதான். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் ஓடும் என்று நினைப்போம், ஆனால் 3.5 இஞ்ச் டிஸ்கின் அடாப்டர் சுவரில்தான் செருகியிருக்கும், கரண்ட் போன நொடியில் டிஸ்க் நின்றுவிடும். அந்த அடாப்டரை யூபிஎஸ்ஸில் செருகுங்கள்.

ஈரம் இன்னொன்று. குளிர்ந்த அறையில் ராத்திரி முழுக்கக் கிடந்த டிஸ்கை ஹீட்டர் ஓடும் அறைக்குக் கொண்டுவந்து உடனே ஆன் செய்யாதீர்கள், உள்ளே நீர் பூத்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு மாட்டுங்கள். பழைய பேக்கப் சிடிகள் இருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள், எங்கள் ஈரத்தில் சிடியில் பூஞ்சை பிடித்துப் படிக்காமல் போகிறது.

குன்னூர்_சர்வீஸ்

இப்போது ஃபாக்ஸ்புரோவுக்கு வருகிறேன். டாஸ் ஃபாக்ஸ்புரோ 16 பிட் புரோகிராம். 32 பிட் விண்டோஸ் 7-ல் ஓடியதற்குக் காரணம் 32 பிட் விண்டோஸில் 16 பிட்டுக்கு இடம் இருந்தது. 64 பிட் விண்டோஸில் அது கிடையாது, விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே இல்லை. அதனால் டபுள் கிளிக் செய்தால் "இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது" என்றுதான் வரும், கம்பாட்டிபிலிட்டி மோடில் எதை மாற்றினாலும் பயன் இல்லை.

முதலில் டேட்டா. இலைக் கணக்கு டிபிஎஃப் ஃபைல்களில் இருக்கும், லிப்ரே ஆபீஸ் கால்க் அதை நேராகத் திறக்கும். ஆக கணக்கு எங்கேயும் போய்விடாது, அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். காப்பி எடுக்கும்போது டிபிஎஃப் மட்டும் பொறுக்காமல் ஃபோல்டரை முழுதாக எடுங்கள், எஃப்பிடி, சிடிஎக்ஸ் எல்லாம் அதனோடு சேர்ந்தவை.

புரோகிராமையும் அப்படியே ஓட்ட வேண்டும் என்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் (புது விண்டோஸுக்குள் டாஸ் கம்ப்யூட்டர் போல நடிக்கும் புரோகிராம்) போட்டு அதற்குள் ஓட்டுங்கள். சாதாரண டாஸ்பாக்ஸ் கேம்ஸுக்காகச் செய்தது, எக்ஸ் பதிப்பில் பிரிண்டர் வசதியும் இருக்கிறது.

மூன்றாவது வழி, பழைய கம்ப்யூட்டரையே முழுதாக ஒரு ஃபைலாக்கிப் புதியதற்குள் வைப்பது. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸில் டிஸ்க்2விஎச்டி என்று சின்ன புரோகிராம் இருக்கிறது, இலவசம். பழைய மெஷினில் ஓட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே ஒரு விஎச்டி ஃபைலாக எக்ஸ்டர்னல் டிஸ்கில் எழுதும். விஎச்டிஎக்ஸ் என்ற பெட்டியில் டிக் எடுத்துவிடுங்கள். அந்த எக்ஸ்டர்னல் டிஸ்கின் ஃபார்மெட் என்டிஎஃப்எஸ் ஆகவோ எக்ஸ்ஃபாட் ஆகவோ இருக்க வேண்டும், ஃபாட்32-ல் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் நிற்காது. பிறகு லேப்டாப்பில் வர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் புரோகிராம்) போட்டு அந்த ஃபைலைக் காட்டினால் பழைய டெஸ்க்டாப் ஒரு ஜன்னலுக்குள் திறக்கும், பேஜ்மேக்கர், பாமினி எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். நீலத்திரை வந்தால் ஸ்டோரேஜ் கன்ட்ரோலரை ஐடிஈ-க்கு மாற்றிப் பாருங்கள். நெட்வொர்க்கை அணைத்தே வையுங்கள். விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும், மெஷினோடு சேர்ந்தே வந்த (ஓஈஎம்) லைசென்ஸ் அந்த மெஷினுக்கு மட்டுமே என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

நாயுடுபுரம்_அச்சகம்

குன்னூர் தம்பி சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கடையில் தனியாக உட்கார்ந்து வேலை செய்பவருக்கு வர்ச்சுவல்பாக்ஸ் கொஞ்சம் பாரம் இல்லையா? நாங்கள் பழைய மெஷினை நெட் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டு ஒரு மூலையில் வைத்திருக்கிறோம், பேஜ்மேக்கர் வேலை வந்தால் அதில் செய்கிறோம். இதைவிட எளிது எது?

குன்னூர்_சர்வீஸ்

ஓடும் வரைக்கும் எளிதுதான் அக்கா. இவருடைய மெஷின் ஏற்கெனவே தானாக நிற்கிறது. அது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஆக இருக்கலாம், டிஸ்காகவும் இருக்கலாம், டிஸ்க் என்றால் ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் ஆபத்து. மூலையில் வைத்த மெஷின் வேலை அவசரமாக வரும் நாளில்தான் எழாமல் போகும். விஎச்டி ஒரு ஃபைல், இரண்டு டிஸ்கில் இரண்டு காப்பி வைக்கலாம். நீங்களும் உங்கள் மெஷினை ஒரு முறை விஎச்டி ஆக்கி வைத்துவிடுங்கள், ஓட்டாவிட்டாலும் பரவாயில்லை.

நாயுடுபுரம்_அச்சகம்

அது சரி. மூலையில் இருப்பது இருக்கட்டும், விஎச்டியும் எடுத்து வைக்கிறேன்.

மலை_மாணவன்

நான் ஒன்று சேர்க்கிறேன். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ளே போனதும் ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பையும் டாகுமெண்ட்ஸையும் தானே எடுத்துக்கொள்ளப் பார்க்கும். இலவச இடம் 5 ஜிபிதான், 180 ஜிபியை டாகுமெண்ட்ஸில் கொட்டினால் இடம் இல்லை என்று கத்திக்கொண்டே இருக்கும். அந்த பேக்கப்பை முதலில் அணைத்துவிட்டுக் காப்பி செய்யுங்கள். இன்னொன்று, புது லேப்டாப்புகளில் டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்கைப் பூட்டும் வசதி) தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. ரெக்கவரி கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும், அதை ஒரு தாளில் எழுதிக் கடைக்கு வெளியே பத்திரமாக வையுங்கள், இல்லாவிட்டால் மதர்போர்டு மாற்றும் நாளில் உள்ளே போக முடியாது.

கோத்தகிரி_டைப்பிங்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஃபான்ட்ஸ் ஃபோல்டர் பென்டிரைவில் வந்துவிட்டது. இலைக் கணக்கு ஃபோல்டரையும் எடுத்து லேப்டாப்பில் லிப்ரே ஆபீஸில் திறந்து பார்த்தேன், பெயர், கிலோ, முன்பணம் எல்லாம் வரிசையாக இருக்கிறது, கடைசி மாதக் கூட்டுத்தொகை என் நோட்டோடு ஒத்துப்போகிறது. மனசு லேசானது. டேலி சரண்டர் நாளைக்கு, டிஸ்க்2விஎச்டி ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு.

ஒன்று மட்டும் பாக்கி. இலைக் கணக்குச் சீட்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில்தான் எடுக்கிறேன், கார்பன் காப்பி வேண்டும் என்பதால். அது பழைய பேரலல் போர்ட் பிரிண்டர். லேப்டாப்பில் அந்த ஓட்டையே இல்லை.

குன்னூர்_சர்வீஸ்

யூஎஸ்பி-பேரலல் கேபிள் கிடைக்கும். ஆனால் அது விண்டோஸுக்கு யூஎஸ்பி பிரிண்டராகத்தான் தெரியும், டாஸ் தேடும் பேரலல் போர்ட்டான எல்பிடி1 ஆகத் தெரியாது, அதனால் டாஸ் புரோகிராம் நேராக அதற்கு அனுப்ப முடியாது. முதலில் கேபிளை மாட்டி, அந்த பிரிண்டருக்கு விண்டோஸ் 11-ல் டிரைவர் போட்டு நோட்பேடிலிருந்து ஒரு வரி அடித்துப் பாருங்கள். அது வந்தால் டாஸ்பாக்ஸ்-எக்ஸின் கான்ஃபிக் ஃபைலில் பேரலல் போர்ட்டை அந்த விண்டோஸ் பிரிண்டருக்குத் திருப்பிவிடலாம். பிரிண்டர் மாடலும், சீட்டின் அகலத்தில் ஒரு வரிக்கு எத்தனை எழுத்து வரும் என்பதும் போடுங்கள், கான்ஃபிக் வரிகளை எழுதித் தருகிறேன்.